புரட்டாதிச் சனியில் மூன்று பியர் ஆலைகள்

காலை 10.35. ஹரோ ஒன் த ஹில் நிலையத்தில் மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறினேன். இதற்கு முந்திய ரயிலையே பிடித்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமைகளில் ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரைவரை. அது கழியாமல் சம்பந்த விஷயமாகக் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது மனைவி வத்சலாவின் உத்தரவு. லண்டனில் சூரியன் உதிக்கும் நேரத்தை வைத்துக் கணித்தால் ராகுகாலம் வேறு நேரத்தில் வரும் என்று டூட்டிங்கில் இருக்கும் மைத்துனர் சொல்வார். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துச் சூரியன்தான் செல்லும்.

சம்பந்த விஷயம் என்று எழுதிவிட்டேன். அது சம்பந்த விஷயம்தானா என்பதிலேயே எனக்குத் தெளிவில்லை. நடந்தது இதுதான். எங்கள் ஒரே மகள் ஆரணியும் நிருஜன் என்ற பையனும் இரண்டு வருடமாகப் பழகுகிறார்கள். பையனின் தகப்பன் குணரத்தினம், எல்லோருக்கும் குணம். ஜெர்மனியில் டோர்ட்முண்டில் நீண்டகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் வீடுகளுக்குச் சூடாக்கி, அதாவது பொயிலர், பொருத்திப் பூட்டும் தொழில் செய்கிறார். அவரை ஒரு பிறந்தநாள் விழாவில் கைகுலுக்கியதோடு சரி. புதன்கிழமை தொலைபேசி எடுத்தார். தங்கள் பக்கத்தில் சின்னச் சின்னதாகப் பியர் காய்ச்சும் ஆலைகள் நிறைய இருப்பதாகவும், சனிக்கிழமை சும்மா சைக்கிளில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஆறுதலாக ஒரு சுற்றுச் சுற்றலாம் என்றும் சொன்னார். நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன்.

யோசித்தது பிறகுதான். எங்கள் ஆட்களில் கலியாணம் பேசுவதென்றால் இரு பகுதியும் ஹோலில் உட்கார வேண்டும். தேத்தண்ணி வரும். மழையைப் பற்றியும் வீட்டு விலையைப் பற்றியும் பேசி முடித்த பிறகு, ஒரு மாமா தொண்டையைச் செருமுவார். சம்பந்தியாக வரப்போகிறவரைச் சைக்கிளில் ஏற்றிப் பியர் ஆலைக்குக் கூட்டிப்போகும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் புரட்டாதிச் சனியில். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்து, மரக்கறி சாப்பிடும் நாள். வத்சலா இதை ஒரு சோதனை என்றாள்; நான் குடிக்கிறேனா என்று பார்க்கிறார்களாம். மைத்துனர், அந்த மனுஷன் பெருங்குடிகாரனாக இருப்பான், ஒளிக்காமல் காட்டுகிறான் என்றார். இரண்டும் சரியாகப் பட்டது. இரண்டும் பிழையாகவும் பட்டது.

மைத்துனர் கடைசியாகச் சொன்னதுதான் என்னோடு ரயிலில் வந்தது.

"அத்தான், முதல் வேலையா அவை ஊரில எவடம் எண்டு கேளுங்கோ. அது தெரியாமல் கை நனைச்சுப்போடாதேங்கோ."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கை நனைப்பது என்றால் ஒரு வீட்டுச் சோற்றைச் சாப்பிடுவது. 'ஊரில எவடம்', அதாவது எந்த இடம், என்ற கேள்விக்கு ஊர்ப் பெயர் மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கோயிலடி, எந்த வீதி, அதற்குள் எந்தச் சின்ன ஒழுங்கை என்று போய்க்கொண்டே இருந்தால், ஒழுங்கை முடியும் இடத்தில் சாதி நிற்கும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே அதை அறிந்துகொள்ள எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் மரியாதையான வழி அது. லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகியும் கைவிடவில்லை.

ஆரணிக்கும் இது தெரியும். வெள்ளிக்கிழமை இரவு என் முன்னால் வந்து உட்கார்ந்து, அந்தக் கேள்வியை மட்டும் கேட்கக்கூடாது என்றாள். கேட்டால் கவுன்சில் மண்டபத்தில் கலியாணத்தை எழுதிவிட்டு எங்களுக்கு மெசேஜ் அனுப்புவார்களாம். சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். அவள் தாய் மீன்காரனிடம் விலை பேசும்போது வரும் அந்த அமைதியான குரலில் சொன்னாள். கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, மனைவியிடம் கேட்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். ஒரே பிள்ளையை இழக்கிற பயம் ஒரு பக்கம். மறுபக்கம், உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

காலை 11.45. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி, எலிசபெத் லைனில் ஃபாரஸ்ட் கேட் வந்து இறங்கினேன். குணம் நிலைய வாசலில் இரண்டு சைக்கிள்களோடு நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உருண்டை உடம்பு, மழிக்காத தாடி, தலையில் ஹெல்மெட். முதலில் பத்து மணிக்கு வரச்சொன்னவர். கடையில் வேலை என்று நான் சாக்குச் சொல்லியிருந்தேன்.

"வாங்கோ பாலன் அண்ணை. ராகுகாலம் முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளின் சீட்டை என் உயரத்துக்குப் பதித்தார். கேலியா, உண்மையாகக் கேட்டாரா என்று பிடிபடவில்லை.

எனக்குத் தந்தது அவர் டோர்ட்முண்டிலிருந்து கொண்டுவந்த சைக்கிள். முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு பெட்டி. பார்க்க அப்பாவியாகத்தான் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் வடக்கே போனால் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் என்ற பெரிய புல்வெளி வரும். அங்கே பாதை எங்கே பிரிகிறது என்று யோசித்தபடி, பழக்கதோஷத்தில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினேன். சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. நான் மட்டும் கூடைவரைக்கும் போய் வந்தேன்.

"பின்னால மிதிச்சால் பிரேக் அண்ணை. ஜெர்மன்காரன்ர சைக்கிள் அப்பிடித்தான். யோசிக்காமல் முன்னால மிதியுங்கோ," என்றார். என்னிடம் கேட்கக்கூடிய காரியங்களில் அதைவிடக் கடினமானது வேறில்லை.

மதியம் 12.40. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், லேய்ட்டன். ரயில் பாலத்தின் கீழ் செங்கல் வளைவுகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் கார் திருத்துகிறார்கள், அடுத்ததில் பியர் காய்ச்சுகிறார்கள். உள்ளே மாவை வறுத்துக் கஞ்சி காய்ச்சும் மணம். ஆளுயரத் தகர உருளைகள், அவற்றின் முன்னே நீள மேசைகள், மேசையின் கீழே நாய்கள். ரயில் மேலே ஓடும்போதெல்லாம் கிளாஸ்கள் நடுங்கின. கரும்பலகையில் பன்னிரண்டு பியர்களின் பெயர்கள் எழுதியிருந்தன. ஒன்றின் பெயரிலாவது பியர் என்ற சொல் இல்லை. மூன்றிலொரு பைண்ட், அதாவது ஒரு சின்னக் கிளாஸ், இரண்டு பவுண் அறுபது.

கண்ணாடிக் கடை நடத்துகிறவன் நான். கதிரையில் இருப்பவரின் கண்முன் ஒரு வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, இது தெளிவா என்று நாள் முழுவதும் கேட்பது என் பிழைப்பு. அன்று அந்தக் கடைப் பையன் சின்னக் கிளாஸ்களில் ஒவ்வொரு வாய் ஊற்றி வைத்து, இதுவா இதுவா என்று என்னைக் கேட்டான். என்னிடம் வருகிறவர்கள் ஏன் அப்படி விழிக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு எலுமிச்சை சோடா போதும் என்றேன். ஒரு பவுண் ஐம்பது.

குணம் குடிக்கட்டும், எவ்வளவு குடிக்கிறார் என்று வத்சலாவிடம் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பையனை அருகில் அழைத்து, இதில் மீன் இருக்கிறதா என்று கேட்டார். பியரில் மீனா என்று நான் திகைத்தேன். பையன் திகைக்கவில்லை. இல்லை, எங்களுடையது எல்லாம் மரக்கறி என்றான்.

பிறகு குணம் விளக்கினார். இந்த நாட்டின் பழைய முறையில் பியரைத் தெளிய வைப்பதற்கு, மீனின் காற்றுப்பையை உலர்த்திக் கரைத்து ஊற்றுவார்களாம். வண்டல் அதோடு ஒட்டி அடியில் போய்விடும். மற்ற நாட்களில் அவருக்கு அது பொருட்டில்லை. இன்று புரட்டாதிச் சனி.

"அப்ப பியர்?" என்றேன்.

"பியர் பார்லிதானே அண்ணை. தானியம்." கிளாசை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார். சோறு வடித்த கஞ்சிபோல் கலங்கலாக இருந்தது. "கலங்கலா இருந்தால் அனேகமா மீன் இல்லை. நல்லாத் தெளிஞ்சு கிடந்தால்தான் விசாரிக்க வேணும்."

விரதகாலத்தில் பியர் குடிக்கிற இந்த மனுஷனைப் பக்திமான் என்பதா, பாவி என்பதா? என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவரோ அந்த மூன்றிலொரு பைண்டை முக்கால் மணித்தியாலம் வைத்துக் குடித்தார். மைத்துனர் சொன்ன பெருங்குடிகாரனைக் காணவில்லை.

அங்கே ஒரு காரியம் செய்தேன். அவருடைய தகப்பனார் என்ன செய்தவர் என்று, சும்மா கேட்பதுபோல் கேட்டேன். ஆரணிக்குக் கொடுத்த வாக்கில் இந்தக் கேள்வி இல்லை என்று என் மனச்சாட்சிக்கு நானே வாதாடினேன். சைக்கிள் கடை வைத்திருந்தவர் என்றார் குணம். சைக்கிள் கடையை எவரும் வைக்கலாம். பழையபடி இருட்டில் நின்றேன். கேட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. குணம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளிக்கிடுவோமா என்றார்.

பிற்பகல் 2.15. லேய்ட்டனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வடமேற்கே, வால்தம்ஸ்டோவின் பிளாக்ஹோர்ஸ் லேன். இது தொழிற்பேட்டை. பாண் பேக்கரி, தளபாடக் களஞ்சியம், நடுநடுவே பியர் ஆலைகள். நான் ஊர்க் கள்ளுத் தவறணைகளை நினைத்துக்கொண்டு போனேன். அங்கே கண்டது பிள்ளைகள் பூங்கா. தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், பலூன் கட்டிய பிறந்தநாள் மேசை, நிறப்பென்சிலோடு படம் கீறும் சிறுமி. பியர் உருளைகளுக்கு நடுவே ஒரு தாய் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாள். குடிக்கிற இடத்துக்குக் குடும்பத்தோடு வருகிற நாட்டில், கலியாணம் பேசவும் வரலாம்தானே என்று ஒரு கணம் தோன்றியது.

ஆனால் பேச்சு வரவில்லை. குணம் மீன் விசாரணையை முடித்து, இன்னொரு மூன்றிலொரு பைண்டோடு முற்றத்து மேசைக்கு வந்தார். எனக்கு இஞ்சிச் சோடா, இரண்டு பவுண் எண்பது. பார்லி, கசப்புக்குப் போடும் ஹொப்ஸ், டோர்ட்முண்ட் குளிர், பொயிலர் விலை என்று எல்லாம் பேசினார். பிள்ளைகளின் பெயர் மட்டும் அவர் வாயில் வரவில்லை. பெண்பகுதி நாங்கள், நாங்களாகத் தொடங்குவது முறையில்லை. அவராகத் தொடங்குவார் என்று நான் காத்திருந்தேன். இவர்களுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை, அதை நாகரிகமாகச் சொல்லத்தான் இந்தச் சுற்றோ என்றுகூடப் பயம் வந்தது. ஆரணியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

அப்போது அவர் எழுந்துபோய், என் சைக்கிளின் பின்பெட்டியைத் திறந்தார். காலையிலிருந்து நான் முதுகுக்குப் பின்னால் சுமந்து வந்தது அவர் வீட்டுச் சோறு. துணியில் சுற்றிய இரண்டு அடுக்குச் சட்டி. எள்ளுத் தூவிய ஒரு பிடி சோற்றை எடுத்து மதிலில் வைத்து, 'கா, கா' என்று கூப்பிட்டார். பியர் குடிக்க வந்த சனம் திரும்பிப் பார்த்தது. முதலில் புறாக்கள் வந்தன. குணம் அவற்றைக் கையால் விரட்டினார். தொழிற்பேட்டைக் கூரையிலிருந்து கடைசியில் ஒரு காகம் இறங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கொத்திக்கொண்டு போனது. படம் கீறிய சிறுமி கைதட்டினாள்.

"இனிச் சாப்பிடலாம்," என்று ஒரு தட்டில் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பயற்றங்காயும் போட்டு என்முன் வைத்தார். "மனிசி விடிய எழும்பிச் சமைச்சவ."

தட்டைப் பார்த்தேன். கை நனைக்காதேங்கோ என்ற குரல் காதுக்குள் கேட்டது. காலையிலிருந்து நானும் பட்டினி. பக்கத்தில் ஒரு மனுஷன் கறி அகப்பையோடு நிற்கிறான். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். விரதம், ஒருநேரம்தான் சாப்பாடு என்றும் சொல்லலாம். பொய்கள் வரிசையில் நின்றன. நான் எதைத் தெரிவுசெய்வது என்று யோசித்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டது. சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். கறியில் உப்பு ஒரு சொட்டுக் கூடுதல். மற்றபடி நல்ல கை.

பிற்பகல் 3.30. பிளாக்ஹோர்ஸ் வீதியைத் தாண்டி, வால்தம்ஸ்டோ நீர்நிலைகளுக்குள்ளால் போகும் பாதை. லண்டனுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளங்கள் இரண்டு பக்கமும். அதைக் கடந்தால் லீ ஆற்றங்கரை. அங்கிருந்து தெற்கே, கரையோடு கரையாகப் போய்க்கொண்டிருக்கலாம். குடியிருக்கும் படகுகள் அணிவகுத்துக் கட்டியிருக்கும். கூரைகளில் விறகும் பூச்சட்டியும் துருப்பிடித்த சைக்கிளும். ஒரு நாரை, சைக்கிள் மணிக்கு அசையாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. நல்ல வெயில். ஐப்பசி பிறக்க முன் இப்படிச் சில நாட்கள் லண்டனில் வாய்க்கும். ஊர் பார்க்க வருகிறவர்கள் பாலத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தப் பாதைக்கு வருவதில்லை. வரவேண்டும்.

எனக்கு அந்த அழகெல்லாம் பாதிதான் ஏறியது. சோறும் சாப்பிட்டாயிற்று, இனியாவது கேட்டுவிட வேண்டுமென்று குணத்துக்கு அருகே போவேன். வாயைத் திறப்பேன். ஆரணியின் குரல் வரும். தயங்குவேன். தயங்கினால் என் கால் பின்னால் போகும். சைக்கிள் நின்றுவிடும். அவர் இருபது மீட்டர் முன்னால் போய்விடுவார். ஹக்னி சதுப்புவெளி வருவதற்குள் இப்படிப் பலமுறை நடந்தது. சைக்கிளில் ஏதும் பழுதோ என்று அவரும் கவலைப்பட்டார்.

மாலை 4.40. நீர்நிலையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர், ஹக்னி விக். முன்பு பண்டகசாலைகளாக இருந்த கட்டடங்கள் வாய்க்கால் கரையில் நிற்கின்றன, சுவரெல்லாம் சித்திரம். மூன்றாவது ஆலை அங்கே. நாங்கள் உட்கார்ந்த வாங்கு தண்ணீரை ஒட்டியிருந்தது. இங்கே மூன்றிலொரு பைண்ட் மூன்று பவுண். எனக்குக் குழாய்த் தண்ணீர். அதற்கு ஒன்றும் எடுக்கவில்லை. குணம் மீனைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார். அதை நான் கவனித்தேன். மூன்று பவுண் பியரைத் தொடாமல், தண்ணீரில் போகும் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலன் அண்ணை, ஒண்டு கேப்பன். கோவிக்கக்கூடாது."

வந்துவிட்டது என்று நினைத்தேன். நாள் பார்ப்பார், அல்லது வேண்டாம் என்பார். எதுவென்றாலும் குழப்பம் தீரும். கேளுங்கள் என்றேன்.

கிளாசை மேசையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "நீங்கள் ஊரில எவடம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் ஒருநாளும் யோசித்தவன் இல்லை. ஊர், கோயில், வீதி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அன்று காது சுட்டது. என்னை நிறுத்துப் பார்க்க நீ யார், சூடாக்கி பூட்டுகிறவன், என்று ஒரு கோபம் வந்தது. அதே கோபத்தை இந்த மனுஷனுக்குக் கொடுப்பதற்காகத்தான் நான் காலையில் ராகுகாலம் பார்த்து, ரயிலேறி, ஹரோவிலிருந்து வந்திருக்கிறேன் என்பது அதற்கு அடுத்த கணம்தான் உறைத்தது. வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "மனிசி கேக்கச் சொல்லிப்போட்டா. பெடியனுக்குக் கேக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வந்தனான். காலமை துடங்கி வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறன். வீட்டில இருத்திவைச்சுக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். அதுதான் இப்பிடிச் சுத்திக்கொண்டு வருவம் எண்டு யோசிச்சனான்."

"எனக்கும் கேக்கச் சொல்லித்தான் விட்டவை," என்றேன்.

"தெரியும் அண்ணை. தகப்பன் என்ன செய்தவர் எண்டு கேட்டீங்கள்தானே."

வழி திறந்து கிடந்தது. நான் என் இடத்தைச் சொன்னால் அவர் தன் இடத்தைச் சொல்வார். இரண்டு பெண்சாதிமாரும் ஆறுதலடைவார்கள். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நாள் முழுவதும் எதற்காக அலைந்தேனோ அது கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவர் பதில் எதுவாக இருந்தாலும், அறிந்தபிறகு அறியாதவனாக இருக்க முடியாது. நிருஜன் என் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம் அந்த ஒழுங்கை என் கண்ணில் தெரியும். நல்ல ஒழுங்கை என்றால் என் முகம் மலரும், அதுவும் கேவலம்தான். ஆரணி என் முகத்தை வாசித்துவிடுவாள். சின்னவயதிலிருந்தே அதை அவளுக்கு மறைக்க எனக்கு ஏலாது. அவர் வீட்டுச் சோறு வேறு என் வயிற்றில் இருந்தது.

"ஹரோ," என்றேன்.

குணம் திரும்பி என்னைப் பார்த்தார். கேலி செய்கிறேனா என்று பார்த்தார் போலும். எனக்குக் கேலியே வரவில்லை. ஒரு படகு எங்களைத் தாண்டிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஃபாரஸ்ட் கேட்," என்றார்.

பிறகு கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கலங்கலாகத்தான் இருந்தது. குடித்தார்.

மாலை 5.50. ஹக்னி விக் நிலையம். குணம் ஒரு சைக்கிளில் ஏறி, மற்றதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டையும் நேராக ஓட்டியபடி ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனார். மூன்று ஆலைகளில் குடித்தவர் அவர். சோடாவும் தண்ணீரும் குடித்த எனக்குத்தான் கால் தள்ளாடியது. கடைசிவரை கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் நாங்கள் பேசவில்லை. பேசி முடித்துவிட்டோமா, இன்னும் தொடங்கவே இல்லையா? வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் ரயில் மாறும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆரணியிடமிருந்து மெசேஜ் வந்தது: கேட்டீங்களா அப்பா? இல்லை என்று போட்டேன். ஒரு நிமிடம் கழித்து, சத்தியமா என்று வந்தது. சத்தியமாக என்று, துணிந்து, திருப்பிப் போட்டேன்.

இரவு 7.20. ஹரோ. வத்சலா குசினியில் நின்றாள். சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டாள்.

"எவடமாம்?"

"ஃபாரஸ்ட் கேட்."

"அது தெரியும். ஊரில?"

"நான் கேக்கேல்லை. அவர்தான் என்னைக் கேட்டவர்."

"எங்களையோ?" அவள் முகம் சிவந்துவிட்டது. "எங்களைக் கேக்க அவை ஆர்?"

அவள் சொன்ன சொல் அந்தச் சின்னக் குசினிக்குள் நின்றது. அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். திரும்பிக் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினாள். ஜன்னலுக்கு வெளியே, வேலியில், காலையில் காகத்துக்கு வைத்த இலை இன்னும் கிடந்தது. நான் கதிரையில் உட்கார்ந்து, சைக்கிள் ஓடி நொந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டாள். "மத்தியானம் எங்க சாப்பிட்டனீங்கள்?"

பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுச் சோறு என்றேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய். காகத்துக்கும் வைத்துத்தான் சாப்பிட்டோம் என்றேன்.

"உப்புப் புளி எல்லாம் சரியோ?"

"உப்பு ஒரு சொட்டுக் கூட."

அது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். குழாயைப் பூட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"வாற சனியும் புரட்டாதிச் சனிதான்," என்றாள். "தாய், தகப்பன், பெடியன் மூண்டு பேரையும் வரச்சொல்லுங்கோ. எங்கட வீட்டிலயும் வந்து கை நனைக்கட்டும்."

தொலைபேசியை எடுத்தேன். ராகுகாலத்தை நினைத்துக்கொண்டு, எந்த நேரத்துக்கு வரச்சொல்வது என்று கேட்டேன்.

"அவைக்கு வசதிப்பட்ட நேரத்துக்கு," என்றாள் வத்சலா.